எண்ணெய்க் கல்

எங்கள் சாமைக் கொல்லைக்கு மேலே ஒரு கல் நட்டமாக நிற்கிறது. இடுப்பு உயரம், உருண்டைத் தலை. ஊரில் அதைச் சாமி என்பார்கள். அது எதன் வடிவம் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சண்டை வந்தால் மட்டும் ஆண்கள் அதன் பெயரை வசவாக வாய் நிறையச் சொல்வார்கள். கல்லின் முன்னால் செருப்பைக் கழற்றிவிடுவார்கள்.

பிள்ளை இல்லாதவள் ஈரப் புடவையோடு அந்தக் கல்லைக் கட்டிப்பிடிக்க வேண்டும். அதன் தலையில் விளக்கெண்ணெய் ஊற்றி, வழிவதை எடுத்து அடிவயிற்றில் பூசிக்கொள்ள வேண்டும். புருஷன் கீழே புளியமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். ஆண் பார்த்தால் சாமிக்கு ஆகாதாம்.

என்னை என் மாமியார் ஒரு மார்கழிக் காலையில் கூட்டிப்போனாள். அடுத்த சாமை அறுப்புக்குள் வயிற்றில் ஒன்றும் தங்காவிட்டால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பேன் என்று முன்பே சொல்லியிருந்தாள்.

“நல்லா சேத்துப் புடிமே. பூனக்குட்டியா தூக்கற?”

“குத்துது அத்தே.”

“குத்தட்டும். குத்தாம புள்ள வருமா?”

கூட வந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கல் சில்லென்று இருந்தது. எண்ணெய் நாறியது. கீழே என் புருஷன் போனில் என்னவோ பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்றும் தங்கவில்லை. மலைக்குக் கீழே ஆலங்காயம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைச் சோதித்துவிட்டு, உன்னிடம் குறை இல்லை, வீட்டுக்காரரை அழைத்து வா என்றார். வெளியே பஸ் ஸ்டாண்டில் நின்றவனிடம் போய்ச் சொன்னேன்.

“உங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணுமாங்க. ஒரு டப்பால புடிச்சுக் குடுத்தா போதுமாம்.”

“இன்னாமே சொல்ற? நான் ஆம்பளமே! என்னப் போயி டப்பால புடிக்கச் சொல்ற?”

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அவன் பின்னால் சுவரில் வைத்தியர் ஒருவரின் போஸ்டர். வெள்ளைக் குதிரை ஒன்று முன்னங்கால்களைத் தூக்கி நின்றது. மேலே சிவப்பில் ‘ஆண்மை’ என்று போட்டிருந்தது. மலைக்குப் போகும் பஸ் வரும்வரை அவன் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆனால் ஓரக்கண்ணால் அந்தப் போஸ்டரின் போன் நம்பரைப் படித்தான். நான் பார்த்துவிட்டேனா என்று என்னையும் பார்த்தான். நான் பஸ் வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அறுப்பு முடிந்ததும் புதுப்பெண் வந்தாள். என் பாய் சாய்ப்புக்குப் போனது, ஆட்டுக்குட்டிகளைக் கட்டும் இடத்துக்கு. ஊரில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சோறு தின்றேன், களை எடுத்தேன், தூங்கினேன்.

ஒரு வருஷம் போயும் அவளுக்கும் ஒன்றும் தங்கவில்லை. இந்த மார்கழியில் மாமியாருக்கு முட்டிவலி, மேடு ஏற முடியாது. “நீதான் பழகினவ, இட்டுனு போ” என்று எண்ணெய்ப் புட்டியை என் கையில் கொடுத்தாள்.

அந்தப் பெண் ஈரப் புடவையோடு கல்லைக் கட்டிப்பிடித்தாள்.

“அக்கா, நீ புடிச்சப்ப எதனா தெரிஞ்சுதா?”

“குளுந்துச்சு.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“இதுக்கப்புறமும் இல்லன்னா என்ன இன்னா பண்ணுவாங்க?”

“சாய்ப்புல இன்னொரு பாய் போடலாம். எடம் கீது.”

அவள் கையைத் தளர்த்திவிட்டு என்னையே பார்த்தாள். கீழே முதுகைக் காட்டி அவன் நின்ற புளியமரத்தைப் பார்த்து நான் கத்தினேன்.

“ஏங்க! மேல வாங்க. இந்த வாட்டி நீங்க கட்டிப் புடிங்க. வயித்துல எண்ண நான் பூசி உடறேன்.”

மலை முழுக்கக் கேட்டிருக்கும். அவன் தோள் ஒருமுறை குலுங்கியது. போனைக் காதில் வைத்துக்கொண்டான். யாரும் கூப்பிடவில்லை, மணி அடித்திருந்தால் எங்களுக்கும் கேட்டிருக்கும்.

அவன் திரும்பவே இல்லை. ஆண் பார்த்தால் சாமிக்கு ஆகாதல்லவா.