சிஸ்டர் போட்ட ஊசி

ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நர்ஸ் அமலோற்பவமேரிக்குப் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கூடப்பிறந்தவர்கள் ஆளுக்கொரு திசை. விக்கிரமங்கலம் பக்கத்து அந்த ஊரில், சாயங்காலமானால் கபடி கிளப் பையன்கள்தான் வாசலில் வந்து "சிஸ்டர்!" என்று கூப்பிடுவார்கள். சுளுக்குக்குத் தைலம், சிராய்ப்புக்கு மருந்து. வீடு கலகலவென்று இருந்தது. அவளுக்கு அது போதும்.

கோச் அறிவரசன் ஒருநாள் லேபிள் கிழித்த மருந்துக் குப்பிகளோடு வந்தார். கபடி கோச் என்றால் அந்த ஊரில் பாதி மந்திரி.

"சத்து ஊசி சிஸ்டர். நீங்க போட்டா பயலுவ பயப்பட மாட்டானுவ."

லேபிள் எங்கே என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் அவர் முறுக்கிக்கொள்வார், பையன்கள் வரமாட்டார்கள். வேலையில் இருந்த காலமெல்லாம் லேபிளைப் படிக்காமல் ஊசியைத் தொடாதவள், அன்று கேள்வியை விழுங்கினாள். வழக்கம்போல ஒவ்வொரு கையிலும் பஞ்சால் சிலுவை வரைந்துவிட்டுத்தான் குத்தினாள். சிலுவை போட்ட கையை எவன் பின்னுக்கு இழுப்பான்? ஒருத்தனும் எதுவும் கேட்கவில்லை.

மாநிலப் போட்டியில் அந்தப் பையன்களில் ஒருவனான டேவிட்ராஜைச் சோதித்தார்கள். ஊக்கமருந்து. பெரம்பலூரில் விசாரணை. தெரிந்தே போட்டுக்கொண்டான் என்று முடிவானால் நான்கு வருஷத் தடை. அவன் ஆட்டம் அதோடு சரி. வேனில் போகும்போதே கோச் பாடம் நடத்தினார்: "அவனாத்தான் கேட்டான்னு சொல்லிடுங்க சிஸ்டர். கிளப் பொழைச்சுக்கும்."

அவள் தலையாட்டினாள். வெட்கக்கேடுதான், ஆனாலும் ஆட்டினாள். மறுபடி அந்த வீட்டில் ஒண்டியாகக் கிடக்க அவளுக்குப் பயம்.

அதிகாரி முதலில் டேவிட்ராஜைக் கேட்டார். "என்ன ஊசின்னு நீ கேக்கலியாப்பா?"

"சிஸ்டர் போட்டாங்க சார். அவங்ககிட்ட என்னத்தக் கேக்குறது?"

குறையாகச் சொல்லவில்லை அவன். அதுதான் அவளைச் சுருக்கென்று தைத்தது. எழுந்து நின்றாள்.

"அவன் கேக்கல சார். நானும் சொல்லல. கோச் குடுத்தாரு, என்னன்னு தெரியாமலே போட்டுட்டேன். பையன் மேல தப்பில்ல."

கிளப் வேன் இரண்டு பேரையும் விட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது. அரியலூர் பஸ்ஸில் அவன் முன் சீட்டில், அவள் பின்னால். திட்டுவான் என்று வழியெல்லாம் காத்திருந்தாள். திட்டியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

இறங்கப்போகிற நேரத்தில்தான் திரும்பினான்.

"எங்கம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க சிஸ்டர். நான் சொன்னா நம்பாது. சிஸ்டர் ஏன்டா தப்பான ஊசி போடப்போறாங்கன்னு என்னத்தான் அடிக்கும்."