காருக்குள் சொன்னது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஒரு நீதவானைத் தோற்கடித்தேன். அதைச் சொல்லிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவர் இலங்கையில் உண்மையாகவே நீதவானாக, அதாவது மாஜிஸ்திரேட்டாக, இருந்தவர். ரொறன்ரோவுக்கு வந்தபின் பிக்கரிங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் போத்தல் மூடிகளைப் பெட்டியில் அடுக்கினார். பக்கத்து மெஷினில் நான். அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. என்னிடம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நாள் காலையும் மல்வேர்னில் என் கட்டடத்துக்கு முன்னால் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவார். அந்த அரை மணித்தியாலத்துக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம். நீதிமன்றத்தில் நடந்த கதைகளைச் சொல்லுவார். நான் சிரிக்கிற சிரிப்பில் கார்க் கண்ணாடி மூச்சாவியில் புகார் பிடிக்கும். பதிலுக்கு நான் எங்கள் ஊர்ச் சங்கத்துக் கூத்துகளைச் சொல்லுவேன்.

சங்கம் அப்போது தலைவர் பக்கம், செயலாளர் பக்கம் என்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஆண்டு விழாவில் குத்துவிளக்கின் முதல் திரியை யார் கொளுத்துவது என்பதில் தொடங்கிய சண்டை. ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள் ஒரே லிஃப்டில் ஏறமாட்டார்கள். அடுத்தது வரட்டும் என்று நிற்பார்கள். நான் தலைவர் பக்கம். ஏன் என்றால், அவர்தான் எனக்கு முதலில் ஃபோன் எடுத்தார்.

தேர்தல் தகராறுகளைத் தீர்க்க ஒரு நடுவரை நியமிக்க வேண்டும் என்று சங்கத்தின் யாப்பு விதிகளில் இருந்தது. முன்மொழியப்பட்டவரை, நானும் உள்ளிட்ட ஒன்பது பேர் கொண்ட நிர்வாகக் குழு கேள்வி கேட்டு, பிறகு வாக்களிக்க வேண்டும். செயலாளர் எங்கள் நீதவானை முன்மொழிந்தார். அவரைவிடத் தகுதியான ஆளை வலை போட்டுத் தேடினாலும் பிடிக்க முடியாது. ஆனால் அவரை முன்மொழிந்தது செயலாளர். எங்களுக்கு அது போதும்.

அந்த வெள்ளிக்கிழமை காரில் அவர் நல்ல உற்சாகமாக இருந்தார். "தம்பி, மூடி அடுக்கி அடுக்கிக் கை மட்டுமில்லை, தலையும் விறைச்சுப் போச்சு. திரும்ப ஒருக்கா ரெண்டு பக்கத்தையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல ஆசையாக் கிடக்கு," என்றார். அடுத்த நாள் கேள்வி கேட்கப்போவது நான்தான் என்று நான் வாயே திறக்கவில்லை. களவுபோன ஆடு ஒன்று சாட்சிப் பொருளாக நீதிமன்றத்துக்கு வந்து, வழக்குக் கடதாசிக் கோவையைத் தின்றுவிட்ட கதையைச் சொல்லத் தொடங்கினார். பாதியில் தொழிற்சாலை வந்துவிட்டது. "தீர்ப்பைத் திங்கட்கிழமை சொல்லுறன்," என்றார்.

கேள்வி கேட்கும் வேலைக்கு என்னைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அமெரிக்காவில் நீதிபதி ஒருவரை நியமிக்கும் விசாரணையைத் தொலைக்காட்சியில் கண்வெட்டாமல் பார்த்தவன் நான். மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கிவிட்டு, கடதாசியைப் புரட்டி, ஆளை ஏற இறங்கப் பார்க்கும் அந்தச் செனட்டர்களின் தோரணை எனக்கு மிகவும் பிடித்துப்போயிருந்தது. என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மருந்துக்கடையில் ஒரு வாசிப்புக் கண்ணாடி வாங்கினேன்.

சனிக்கிழமை பின்னேரம், எங்கள் கட்டடத்தின் பார்ட்டி ரூம். எங்கள் பக்கம் றோல்ஸ் கொண்டுவந்தது, அவர்கள் பக்கம் வடை. ஒருவர் மற்றவரின் தட்டைத் தொடவில்லை. கோட்டும் டையுமாக வந்த நீதவான் இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்துச் சாப்பிட்டார். அதையும் நான் குறித்துக்கொண்டேன்.

கண்ணாடி வழியே எழுத்துகள் தண்ணீருக்குள் கிடப்பதுபோலத் தெரிந்தன. ஒருவாறு தொடங்கினேன்.

"செயலாளர் வீட்டில நீங்கள் சாப்பிட்டிருக்கிறியளோ?"

"ஓம்."

"எத்தனை தரம்?"

"உங்கட வீட்டில சாப்பிட்டதைவிடக் குறைவு."

இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. பல மாதங்களுக்குப் பிறகு சங்கம் ஒற்றுமைப்பட்டது என்னைப் பார்த்துச் சிரிப்பதற்காக. எனக்குச் சுள்ளென்று ஏறியது. கடதாசியில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"இந்தச் சங்கத்தில ரெண்டு பக்கமும் மூளை கழண்ட விசரர் எண்டு நீங்கள் எப்பவாவது சொன்னனீங்களோ?"

அவர் என்னைப் பார்த்தார். அதை அவர் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருந்தார், சிவப்பு லைட்டில் நிற்கும்போது, காருக்குள். அதற்கு நான் "அதில பெரிய விசரன் எங்கட தலைவர்தான்" என்று சொல்லி, தலைவர் மைக் பிடிக்கிற மாதிரி நடித்தும் காட்டியிருந்தேன். அந்தத் தலைவர் இப்போது என் வலப்பக்கம் இருந்தார். இது எனக்கு நினைவு வந்தது கேள்வி வாயை விட்டுப் போனபிறகுதான்.

"ஓம், சொன்னனான்," என்றார்.

செயலாளர் அவரைக் காப்பாற்ற அந்தரப்பட்டார். "எங்க, ஆரோட கதைக்கேக்க சொன்னனீங்கள்?"

"அது தனிப்பட்ட கதை. என்னோட இருந்த ஆளைப் பற்றி நான் சொல்லமாட்டன்."

குழுவில் நாங்கள் நான்கு பேர், அவர்கள் ஐந்து பேர். விசரர் என்ற சொல்லில் சூடேறிய அவர்களில் ஒருவர் எங்களோடு சேர்ந்து எதிராகக் கை உயர்த்தினார். நீதவான் தோற்றார். எழுந்து எல்லோருக்கும் நன்றி சொன்னார். கோட்டின் பொத்தானைப் பூட்ட அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

தலைவர் என் முதுகில் தட்டினார். "அவரோட இருந்த மற்ற ஆள் ஆர் எண்டு கண்டுபிடிக்கோணும். அந்தப் பொறுப்பையும் நீங்களே எடுங்கோ." எடுத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் வெற்றியை மூன்றாம் முறை விவரித்துக்கொண்டிருந்தேன். அவள் உடுப்பு மடித்தபடி, "நாளைக்கு ஆரின்ர காரில வேலைக்குப் போகப்போறியள்?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை அவர் கண்ணில் படாமல் பஸ் பிடிக்க நினைத்து இருபது நிமிடம் முந்தி இறங்கினேன். கார் ஏற்கனவே வாசலில் நின்றது. உள்ளிருந்தபடியே எட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

"ரோட்டு வழுக்குது தம்பி. பெல்ட்டைப் போடும்."

வெட்கத்தில் எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "ஐயா, சனிக்கிழமை நான்..." என்று தொடங்கினேன். அவர் கையை நீட்டி ரேடியோவைப் போட்டார். இரண்டு வருடத்தில் அந்தக் காரில் ரேடியோ பாடி நான் கேட்டதில்லை. எந்த ரோட்டில் நெரிசல், எவ்வளவு பனி கொட்டும் என்று ஓர் ஆங்கிலக் குரல் பிக்கரிங் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தது.

நான் சொந்தமாகக் கார் வாங்கும்வரை, இன்னும் ஒரு வருடம், ஒரு நாள் தவறாமல் வந்து என்னை ஏற்றினார். ரேடியோவும் ஒரு நாள் தவறவில்லை. அந்த ஆட்டு வழக்கில் அவர் என்ன தீர்ப்புச் சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.