வார்னிஷ் போட்ட பெஞ்சு

கள்ளக்குறிச்சியில் மகளுக்குக் கட்டில் வாங்கப் போன கடையில் வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியது. உடனே கோபம் வந்தது, முப்பது வருஷத்துக் கோபம்.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் சர்ச்சுக்கு வார்னிஷ் வாடை போகாத புதுப் பெஞ்சுகள் வந்திருந்தன. ஞாயிறு ஆராதனையின் நடுவே, வெள்ளிமலையிலிருந்து கரும்பு வெட்ட வந்த ஒரு பெண், காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு மழையில் நனைந்து உள்ளே வந்தாள். குழந்தைக்காக ஜெபம் பண்ணச் சொல்லத்தான் வந்தாள்.

வாசலில் நின்ற சபைப் பெரியவர், "ஈரத்தோட பெஞ்சுல குந்தாதம்மா, பாலிஷ் பூடும். வெளிய இரு" என்றார். அன்றைய பிரசங்கம் பிறனை நேசிப்பதைப் பற்றி!

அம்மா எழுந்தாள். "அவங்க வெளிய இருந்தா நானும் வெளியதான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, தாழ்வாரத்தின் ஈரத்தரையில் அவளோடு உட்கார்ந்தாள். முந்தானையால் குழந்தையின் தலையைத் துவட்டினாள். வேறு யாரும் எழவில்லை. புதுப் பாவாடை நனையுமே என்று நானும் எழவில்லை.

"உங்க சாமி உள்ள கீறாரா, இல்ல உன்கூட வெளிய வந்துட்டாராக்கா?" என்று அந்தப் பெண் கேட்டது ஜன்னல் வழியே என் காதில் விழுந்தது.

அம்மா உடனே எழுந்தாள். குழந்தையைத் தோளில் போட்டு, அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். குழந்தை பிழைத்தது.

அடுத்த ஞாயிறும் அம்மா தாழ்வாரத்திலேயே உட்கார்ந்தாள். இம்முறை நானும் போனேன். முதல் பாட்டு முடிவதற்குள் ஆறேழு பெண்கள் எழுந்து வந்தார்கள்.

பெரியவர் மட்டும் கடைசிவரை அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.