வாசலில் தண்ணீர் தெளிக்காத வாரம்

அரியலூர் பக்கம், சுண்ணாம்புக்கல் குவாரியை ஒட்டிய தெரு எங்களுடையது. புழுதி அடங்கவே விடிந்ததும் வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளிப்பார்கள். அங்கே சினிமாக்காரர்களைக் கூட்டி வந்தவர் என் அக்கா வீட்டுக்காரர். படக் கம்பெனியில் மேனேஜர்.

"எதிர்காலத்தப் பத்தின சண்டைப் படம் அத்தே. நம்ம தெருவ நாடே பாக்கப் போவுது. ஷூட்டிங் முடியறவரைக்கும் தண்ணி மட்டும் தெளிக்க வேணாங்க" என்றார் மாமா. மாப்பிள்ளை சொல்லி அம்மா தட்டுவாளா?

படம் வந்ததும் குடும்பத்தோடு தியேட்டருக்குப் போனோம். 'உலகம் அழிந்த பிறகு' என்று திரையில் எழுத்து ஓடியது. அடுத்த நொடி எங்கள் தெரு. துப்பாக்கியோடு ஓடும் கதாநாயகனுக்குப் பின்னால், புழுதி மண்டிய எங்கள் வாசல். எதையுமே மாற்றவில்லை.

"செட்டு பயங்கரமா போட்டிருக்கானுங்கல்ல?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கேட்டாள்: "தண்ணி தெளிச்சிருந்தா நம்ம வூடு இம்புட்டு மோசமா தெரிஞ்சிருக்காதுல்ல?"

மாமா ஏமாற்றியதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். அன்றிலிருந்து அம்மா உச்சிவெயிலிலும் வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கிறாள். அதைத்தான் பார்க்க முடியவில்லை.