ரெஜினா அத்தை சொன்ன தடை

என் அப்பாவின் அக்கா ரெஜினா, சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை போட்டு ரவிக்கை தைக்கிறார். கல்யாணப் பெண் யாராவது அளவு கொடுக்க வந்தால் போதும். கையைத் தூக்கச் சொல்லிவிட்டு, "உனக்குத் தங்கச்சி இருக்காளா? பூசைக்குப் போறவளா?" என்று விசாரணை தொடங்கிவிடும். முருகன் டாலர் போட்ட பெண்ணைக்கூட விட்டதில்லை.

இத்தனையும் ஒரே மகன் அகிலனுக்காக. அவனோ ஜூரோங் கப்பல் பட்டறையில் பார்த்த நல்ல வேலையை விட்டுவிட்டு, கத்தோலிக்கச் சாமியார் படிப்புக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. அடுத்த மாதம் திருத்தொண்டர் பட்டம். குருப்பட்டத்துக்கு முந்தைய படி. கடைசிவரை கல்யாணம் செய்துகொள்வதில்லை என்று வாக்குக் கொடுப்பது அன்றைக்குத்தான். அதாவது, அத்தைக்கு மிச்சம் நாலு வாரம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. போனில் தேடித் தேடி அத்தைக்கு வரலாற்றை அனுப்பினேன். ஆதியில் சாமியார்களில் பலருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று ரோமாபுரி பல நூறு வருடம் சொல்லிப் பார்த்தது. 1139இல் சங்கம் கூடி, சாமியார் செய்யும் கல்யாணம் செல்லவே செல்லாது என்று ஆணி அடித்தது. கிழக்குத் திருச்சபைகள் பலவற்றில் கல்யாணம் ஆனவர் இன்றைக்கும் சாமியார் ஆகலாம்.

அத்தை தையல் மிஷினை நிறுத்தினார். "தொள்ளாயிரம் வருசம்கூட ஆகலையா இந்தச் சட்டம்?"

பக்கத்து வளையல் கடை ஷபானா எட்டிப் பார்த்தாள். "எங்க இமாமுக்கு மூணு புள்ளைங்க அக்கா. தொழுகை ஒரு நாளும் நிக்கலையே லா."

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் ஓலை வாசித்து அறிவிப்பதுபோல, பட்டம் வாங்கப் போகிறவன் பெயரையும் பூசையில் வாசிப்பார்கள். தடை தெரிந்தவர் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும். ஆள் மோசம் என்று தெரிந்தால் சொல்வதற்காக வைத்த வழக்கம். பெற்ற தாய் போய்ச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. அகிலன் பெயரை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்ததும் அத்தை நேரே ஆபீசுக்குள் போனார். பின்னால் நான். எனக்குப் பின்னால், முகம் வெளுத்துப்போய் அகிலன்.

"ஃபாதர், தடை இருக்கு."

ஃபாதர் ரோச் சிரிக்கவில்லை. காகிதத்தை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார். "சொல்லுங்கம்மா."

"அப்போஸ்தலர் ராயப்பருக்கு மாமியார் இருந்துச்சு. காய்ச்சல்ல கெடந்தப்ப ஆண்டவரே போயி எழுப்பிவிட்டாரு. மாமியார் இருந்தா பொண்டாட்டியும் இருந்திருப்பால்ல?"

"இருந்திருப்பாங்க."

"மொத போப்பாண்டவருக்கு ஒரு சட்டம், எம்புள்ளைக்கு ஒரு சட்டமா?"

"இது சபை போட்ட சட்டம்தாம்மா. மாத்தலாம்னு சொல்ற பிஷப்புங்களே இருக்காங்க. குடும்பம் இல்லாதவன்தான் எல்லாருக்கும் சொந்தமா இருக்க முடியும்னு சொல்றவங்களும் இருக்காங்க. நான் ரெண்டாவது கட்சி."

அத்தைக்கு ஆயிரம் வருடக் கதையெல்லாம் அந்த இடத்தில் தீர்ந்துபோனது.

"அது சரி ஃபாதர். எம்புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யாரு பாத்துக்குவா?"

ஃபாதரோ பொய் சொல்லத் தெரியாத மனிதர். "போன மாசம் எனக்கு வந்துச்சு. மூணு நாள். யாரும் பாக்கல. நானும் யார்கிட்டயும் சொல்லல."

அகிலன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஜெயிக்க வேண்டிய வழக்கில் ஃபாதரே தோற்றுவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னான்: "எனக்கும் அந்தப் பயம் இருக்கும்மா. இருந்தும்தான் இந்தப் பட்டத்தக் கேக்குறேன். நீ வேணாம்னு எழுதிக் குடுத்தா, நான் வருத்தத்தோட இருப்பேன். கோவத்தோட இல்ல."

பேனா காத்திருந்தது.

"பேனாவ மூடுங்க ஃபாதர்," என்றார் அத்தை.

எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பினோம். குவீன்ஸ்டவுனில் கதவு திறக்கும்போது அத்தை சொன்னார்: "அந்த ஃபாதர் நம்பர எனக்கு அனுப்பு. மூணு நாள் கெடந்திருக்காரு மனுசன்."

அகிலன் பட்டம் வாங்கிவிட்டான். இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு இரண்டு பேருக்கு அத்தையின் போன் போகிறது. ஃபாதர் ரோச் ஒருமுறை தும்மிவிட்டு எடுத்தாராம். ஒன்பது மணிக்கு ஆபீஸ் வாசலில் மிளகு ரசம்.