காத்தவராயன் வெட்டிய கம்பி

வீராம்பட்டினத்துக் காத்தவராயன் துறைமுகப் பாலத்தில் பதினாறு வருடம் கப்பலிலிருந்து உரமூட்டை இறக்கியவர். பள்ளிக்கூடம் போனதில்லை. கப்பியையும் கம்பி வடத்தையும் மற்றவர்களோடு நின்று பார்த்தே கற்றவர். பாலத்தில் ஒரு வழக்கம் உண்டு. கம்பியில் மடிப்பு விழுந்தால் அதை ஓரமாகச் சுருட்டி வைக்கமாட்டார்கள். அப்போதே முழ நீளத் துண்டுகளாக வெட்டிவிடுவார்கள். வைத்திருந்தால் அவசரத்துக்கு எவனாவது எடுத்துக் கட்டிவிடுவான்; மடிந்த இடத்தில் அறுந்துவிடும்.

1978இல் கடற்கரையில் ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது. தாயைத் தேடும் குழந்தையைப் பூதம் ஒன்று வானத்தில் தூக்கிப் போகிற கதை. குழந்தையைக் கம்பியில் மாட்டித் தூக்குவதற்குக் காத்தவராயனைக் கூப்பிட்டார்கள். சென்னையிலிருந்து வந்த குழந்தை நட்சத்திரம் தொங்காது. அதன் அம்மா ஒப்பவில்லை. அந்தக் குழந்தையின் சட்டையை மில் தொழிலாளி செல்வாம்பாளின் மகள் அமிர்தவல்லிக்குப் போட்டிருந்தார்கள். ஏழு வயது. பூதம் நிஜமாகவே தூக்கப்போகிறது என்று நம்பி நின்றாள்.

கம்பெனிக் கம்பி கேமராவில் தெரியாதபடி மெல்லியது. காத்தவராயன் அதை விரலால் உருவிக்கொண்டே வந்தார். பாதியில் விரல் நின்றது.

"மடிஞ்சிருக்கு. இதுல தூக்கமாட்டேன்."

மானேஜர் சக்கரபாணி வந்தார். "நேத்து மண்மூட்டை கட்டித் தூக்கினோமே. தாங்குச்சு."

"மூட்ட கால உதறாது சார். பாப்பா உதறும். என் வடத்துல தூக்கறேன்."

"விரல் தண்டி இருக்கு அது. படத்துல தெரியும்யா. ஜனம் சிரிக்கும்."

"சிரிச்சிட்டுப் போவட்டும்."

"வெளிச்சம் போவுது. உன்னால முடியலன்னா வேற ஆள் இருக்கான்."

"அந்த மெட்ராஸ் பாப்பாவ இதுல மாட்டுங்க. நான் ஒதுங்கிக்கறேன்."

சக்கரபாணி வேறு ஆளைக் கைதட்டிக் கூப்பிட்டார். அவன் வந்து சேர்வதற்குள் காத்தவராயன் உளியை எடுத்து, கம்பியைக் கல்மேல் வைத்து வெட்டத் தொடங்கினார். முழத்துக்கு ஒரு துண்டு. அவசரப்படவில்லை.

"மூள இருக்காய்யா உனக்கு?"

"இப்ப என் வடந்தான் இருக்கு."

அந்த வடத்தில்தான் அமிர்தவல்லி பறந்தாள். அவள் கால் மணலைத் தொடும்வரை வடம் சுற்றும் கைப்பிடியை அவர் யாரிடமும் தரவில்லை. "இன்னொரு வாட்டி தூக்கு மாமா" என்றாள் அவள். மறுநாள் அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெட்டிய கம்பி அறுந்திருக்காது என்று சக்கரபாணி ஊரெல்லாம் சொன்னார். அறுந்திருக்காமலும் இருக்கலாம்.

படம் ஊருக்கு வந்தபோது காத்தவராயனும் செல்வாம்பாளும் அமிர்தவல்லியும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். குழந்தை வானத்தில் போனது. அதன் முதுகிலிருந்து மேலே ஒரு கறுப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தது. பின்னால் விசில் பறந்தது.

"டேய், பூதத்துக்குக் கவுறு கட்டி இழுக்கறானுங்கடா."

காத்தவராயன் எழுந்து திரும்பினார்.

"பூதத்துக்கு இல்ல, பாப்பாவுக்கு. நான்தான் கட்னேன். நல்லா பாத்துக்க."

"மறைக்காத, ஒக்காருய்யா."

அந்தக் காட்சி முடியும்வரை அவர் உட்காரவில்லை.