சொப்பிங் பேக்கில் நோன்புக் கஞ்சி

நோன்பு காலத்தில் அடுத்த வீட்டு அடுப்படிகளில் ஆய்வு செய்வது லேசான காரியமில்லை. பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் கல்முனையில் எங்கள் தெரு முழுக்க இஞ்சியும் ரம்பை இலையும் போட்ட கஞ்சி மணக்கும். நானோ காய்ந்த வாயோடு, யார் யாருக்கு எதில் கஞ்சி அனுப்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் சொப்பிங் பேக் என்கிற பொலித்தீன் பைதான். மறுநாள் அதெல்லாம் கடற்கரையில் கிடக்கும்.

மார்க்கமும் பள்ளிக்கூடமும் சுற்றாடலைப் பேணக் கற்பிப்பதைப் பற்றியது என் ஆய்வு. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானில், இறைநம்பிக்கையில், சேர்ந்தது என்று மௌலவி வெள்ளிக்கிழமை குத்பாவில் சொல்கிறார். பிள்ளைகளும் வகுப்பில் அதையே ஒப்புவிக்கிறார்கள். "அப்ப தெரிஞ்சுகொண்டும் ஏன் பேக்?" என்று என் ஆய்வை மேற்பார்வை செய்யும் சேர் கேட்டார். பதில் இல்லாமல் அந்த அத்தியாயத்தைக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். 'அசட்டை' என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே பிடிக்கவில்லை.

சரி, முதலில் எங்கள் வீட்டைத் திருத்துவோம் என்று, பக்கத்து வீட்டு ராத்தாவுக்குக் கஞ்சி கட்டிக்கொண்டிருந்த உம்மாவின் கையிலிருந்து பேக்கைப் பறித்தேன். ராத்தா, கணவர் மௌத்தாகித் தனியான பிறகு, துணி தைத்துப் பிழைக்கிறவர்.

"சட்டியில குடுங்க உம்மா."

"உனக்கென்ன புள்ள தெரியும்? சட்டியில அனுப்பினா அவ வெறுஞ்சட்டியாத் திருப்பித் தருவாவா? எதையாவது வெச்சுத்தான் தருவா. அதுக்கு அவ எங்க போவா?"

சாப்பாடு வந்த பாத்திரத்தை எங்கள் ஊரில் யாரும் வெறுமையாகத் திருப்புவதில்லை. பேக்குக்கு அந்தக் கடன் கிடையாது. நான் அசட்டை என்று எழுதியது உம்மாவுக்கு இரக்கம்! அத்தியாயம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், சட்டியை நானே தூக்கிக்கொண்டு போனேன். ஊற்றிவிட்டுக் கையோடு திரும்பிவிட்டால் ராத்தாவுக்கும் சங்கடமில்லை.

"ராத்தா, டக்கெண்டு ஊத்திப்போட்டுத் தாங்க. உம்மாக்குச் சட்டி வேணுமாம்."

ஊற்றினார். சட்டியைத் தரவில்லை. வளவுக்குள் ஓடிப்போய் முருங்கைக் கொப்பொன்றை முறித்து, சட்டி நிறைய இலையைத் திணித்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இவ்வளவு நாளும் பேக்கிலயே அனுப்பி, என்னை ஒண்டும் தரவிடல்லயே புள்ள நீங்க."

உம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். உம்மா முருங்கை இலையை உருவிக்கொண்டிருந்தார். மறுநாள் அசருக்கு முன்பே, ராத்தாவுக்குக் கஞ்சி அனுப்ப அந்தச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். என் அத்தியாயத்தைத்தான் மறுபடியும் எழுத வேண்டியதாயிற்று.